முகமிருக்க மை எதற்கு?

தன்னை மறைத்துப் பிறனைக் காட்டுபவன் நடிகன். குமரன் கிழவனாக வருகிறான். கோழை வீரனாக வருகிறான். கூலிக்கு நடிப்பவன் கொற்றவனாகக் கொலுவிருக்கிறான். கொட்டகையில் கையொலி எழுகிறது. எழட்டும்! நாமும் சேர்ந்தே தட்டுவோம். கலையின் ஆற்றல் அது. அதைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால் அந்த ஆற்றலைச் சாக்காகச் சொல்லி, ஓர் இனத்தாரின் முகத்தை இன்னோர் இனத்தார் மைபூசி அணிந்துகொண்டு, முகத்துக்கு உரியவரை வாயிலுக்கு வெளியே நிறுத்திவைத்தனரே, அந்தக் கதையைக் கேட்டிருக்கிறீர்களா, தோழர்களே? ஒரு நூற்றாண்டுக் காலக் கதை அது. கலையின் பெயரால் நடந்த கதை. கதைக்குள்ளே கண்ணீர் உண்டு. அதைக் காட்டிலும் மிகுதியாகக் கணக்கு உண்டு.

“யாரும் யாராகவும் நடிக்கலாம், நடிப்புக்கு இனமேது, நிறமேது?” என்று கேட்கின்றனர் படமுதலாளிகள். ஆகா, எவ்வளவு அழகான தத்துவம்! பேதமற்ற பெருவாழ்வு அவர்கள் கொட்டகையிலேதான் பிறந்துவிட்டதோ என்று ஐயுறத் தோன்றுகிறது. நாம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தக் கதவு இருபுறமும் திறந்ததா? வெள்ளையர் சீனராகலாம் என்றீர்களே, சீனர் வெள்ளையராக இடமிருந்ததா? அதுகூடக் கிடக்கட்டும். சீனர், சீனராகவாவது நடிக்க முடிந்ததா?

1937ஆம் ஆண்டு. ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனத்தார் ‘தி குட் எர்த்’ என்னும் படத்தை வெளியிட்டனர். பேர்ல் பக் அம்மையார் 1931இல் எழுதி, புலிட்சர் பரிசு பெற்ற நாவல் அது. சீனத்து உழவன் ஒருவனின் கதை. அவன் மண்ணை நம்புகிறான், பஞ்சம் வருகிறது, வாய் பேசாது உழைக்கும் மனைவி ஓ-லான் குடும்பத்தைத் தாங்குகிறாள். மாடாய் உழைத்தவளின் மாண்பைச் சொல்லும் கதை. சீன உழவனாக நடித்தவர் யார்? ஆஸ்திரிய-அங்கேரிப் பேரரசில் பிறந்து அமெரிக்கா வந்த பால் முனி. சீன உழத்தியாக நடித்தவர் யார்? செர்மனியில் பிறந்த லூயி ரெய்னர் அம்மையார். அவர்களுடைய மூத்த மகனாக நடித்தவர் யார்? கான்டன் நகரில் பிறந்த கீ லூக் என்னும் சீனர்! அப்பன் வெள்ளையர், அம்மை வெள்ளையர், பிள்ளை மட்டும் சீனர்! இயற்கை செய்யாத விந்தையை இயக்குநர் செய்துகாட்டினார்.

ஆளில்லாக் குறையால் வந்த வினையா இது? இல்லை, தோழர்களே, இல்லை. அந்த ஹாலிவுட்டின் வாயிலிலேயே ஆள் இருந்தார். அன்னா மே வாங் என்பது அவர் பெயர். 1905இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரிலே, சலவைத்தொழில் நடத்திய சீனக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பெற்றோரே அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள். 1922இல், 17 வயதில், ‘தி டோல் ஆஃப் தி சீ’ என்னும் படத்தின் கதாநாயகி. வண்ணப் படம் என்பதே வியப்பாக இருந்த காலத்தில் வண்ணத்தில் எடுக்கப்பட்ட படம். 1924இல் டக்ளஸ் ஃபேர்பாங்க்சோடு ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’. நல்ல வேடம் தாய்நாட்டிலே கிடைக்கவில்லை என்று ஐரோப்பா சென்றார். 1929இல் ‘பிக்காடில்லி’ படத்தில் புகழ் பெற்றார். 1932இல் மார்லீன் டீட்ரிச்சோடு ‘சாங்காய் எக்ஸ்பிரஸ்’. இத்தனை பெருமையும் பெற்றவர், ஓ-லான் வேடத்தை விரும்பினார். சீனப் பெண்ணுக்குச் சீனப் பெண்ணின் வேடம், கேட்டது பெருங்குற்றமா?

கொடுக்கவில்லை. கொடுக்க முன்வந்தது வேறு. உழவன் செல்வனானதும் அவன் வீட்டுக்குள் வந்து குடும்பத்தைக் குலைக்கும் காமக்கிழத்தி ஒருத்தி கதையில் உண்டு. அந்த வேடத்துக்குச் சோதனை நடிப்புக் காட்ட அழைத்தனர். தியாகத்தாய் வேடம் செர்மன் நாட்டவருக்கு. குடிகெடுப்பாள் வேடம் சீனப் பெண்ணுக்கு! கதையிலுள்ள நல்லோர் அனைவரையும் பிறர் நடிக்க, இரக்கம் பெறாத ஒருத்தியாக மட்டும் சீன இரத்தம் ஓடும் நான் வரவேண்டுமா என்று கேட்டார் அந்த நங்கை. மறுத்தார். அந்த வேடமும் வியன்னாவில் பிறந்த ஒரு நடனமாதுக்குப் போயிற்று. 1938இல் நடந்த ஆஸ்கார் விழாவிலே, சீனப் பெண்ணாக நடித்ததற்காக லூயி ரெய்னர் சிறந்த நடிகை விருது பெற்றார். ரெய்னர் திறமையற்றவர் என்று நாம் கூறமாட்டோம், அது பொய்யாகும். திறமையுடையவர் ஒருவர் மேடையேறினார். திறமையுடைய இன்னொருவர் தெருவில் நிறுத்தப்பட்டார். தெருவில் நின்றவருடைய முகமே மேடையில் விருது வாங்கிற்று. இதுதான் நாம் காட்டும் கொடுமை.

இதற்குப் பின்னணியிலே சட்டம் ஒன்றும் நின்றது. 1882 முதல் 1943 வரை சீனத் தொழிலாளர் அமெரிக்காவினுள் வருவதைத் தடுத்த சட்டம் நடைமுறையில் இருந்தது. கலிபோர்னியா மாநிலத்தில் வெள்ளையரும் ஆசியரும் மணம்புரியக் கூடாதென்ற சட்டத்தை 1948இல்தான் நீதிமன்றம் வீழ்த்திற்று. வாழ்வில் இருந்த வேலி திரையிலும் நடப்பட்டது. 1930இல் படமுதலாளிகள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட தணிக்கை விதி, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே காதலைக் காட்டாதே என்றது. நடைமுறையில் அந்தத் தடை ஆசியர் மீதும் பாய்ந்தது. இனி அந்த எந்திரம் சுழலும் வகையைப் பாருங்கள். பணம் வரவேண்டுமானால் நாயகன் பெயர்பெற்ற வெள்ளையராக இருக்கவேண்டும். எனவே பால் முனி. நாயகன் வெள்ளையரானால், அவரைத் தழுவும் நாயகி சீனராக இருத்தல் ஆகாது. எனவே லூயி ரெய்னர். அவரும் சீனரல்லர், இவரும் சீனரல்லர், சட்டத்துக்கு மனநிறைவு! ஒரு வேடத்தைப் பறித்தார்கள். அதைக் காரணம் காட்டி மறுவேடத்தையும் பறித்தார்கள். “எங்கள்மேல் குற்றமில்லை, விதி அப்படி” என்றார்கள். விதியை எழுதியவர்களும் அவர்களே!

ஒரு படத்தில் நேர்ந்த விபத்து என்று ஒதுக்கிவிட வேண்டாம். சார்லி சான் என்னும் சீனத் துப்பறிவாளனின் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1926இல் அந்தக் கதை தொடர்படமாக வந்தபோது சான் ஒரு சிறு பாத்திரம், நடித்தவர் ஜப்பானியர். 1931இல் அதே சான் கதைத்தலைவனாக உயர்ந்தான். நடித்தவர் சுவீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட்! அவர் மறைந்தபின் சிட்னி டோலர். அவருக்குப் பின் ராலண்ட் விண்டர்ஸ். மூவரில் ஒருவரும் சீனரல்லர். தலைமகனாக நடித்தவர் மட்டும் மீண்டும் நம் கீ லூக்! மூலையில் நிற்கும் வேடமானால் ஆசியர் போதும். நடுவில் நிற்கும் வேடமானால் ஆசியர் ஆகாது. நாற்காலி உயர உயர நிறம் வெளுத்தது. 1956இல் செங்கிஸ்கானாக ஜான் வெய்ன் வந்தார். மங்கோலியப் பேரரசனுக்குக் குதிரைவீரர் படத்து நாயகர்!

பறிக்கப்பட்டது பிழைப்பு மட்டுமா? மானமும் பறிக்கப்பட்டது. தன் முகத்தைத் தானே காட்ட முடியாதவனுக்கு, பிறர் காட்டும் முகமே முகமாகிவிடுகிறது. 1961 பிப்ரவரியில் அன்னா மே வாங் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்’ வெளியாயிற்று. அதில் மிக்கி ரூனி என்னும் வெள்ளை நடிகர், பல்லை நீட்டி, கண்ணை இடுக்கி, ஜப்பானியராக வந்து கோமாளிக் கூத்தாடினார். கொட்டகை சிரித்தது. 1942இல் ஜப்பானிய வழியினர் சுமார் 1,20,000 பேரை, அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்களாயிருந்தும், முள்வேலி முகாம்களில் அடைத்த நாடு அது. அந்த முகாம்களுக்குத் திரைப்படமே காரணம் என்று நாம் மிகைப்படுத்த மாட்டோம். ஆனால் அண்டை வீட்டானை மனிதனாகக் காட்டாமல், மர்மமாகவும் மடையனாகவும் மட்டுமே ஆண்டுக்கணக்கில் காட்டினால், அவனை அள்ளிச் செல்லும்போது ஊர் வாய் திறக்குமா? எண்ணிப் பாருங்கள்.

தொலைக்காட்சி வந்தது; வழக்கம் மாறவில்லை. ‘தி சிம்ப்சன்ஸ்’ என்னும் கேலிச்சித்திரத் தொடரில், 1990 முதல், அபு என்னும் இந்தியக் கடைக்காரர் ஒருவர் வந்தார். அவருக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்னும் வெள்ளையர். குழைந்து நெளியும் அந்தக் குரலை வைத்தே, அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகள் பள்ளியில் கேலிக்காளாயினர். 2017இல் ஹரி கொண்டபோலு என்னும் நகைச்சுவைக் கலைஞர் இதை ஆவணப்படமாக எடுத்து உலகறியச் செய்தார். 2020இல் அசாரியா, இனி அந்தக் குரலைக் கொடுக்கமாட்டேன் என்று விலகினார். முப்பது ஆண்டு! ஒரு குரலைத் திருப்பித் தர முப்பது ஆண்டு!

இனி, மறுப்போரின் வாதங்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

“தகுதியுள்ளவர் அந்த இனத்தில் இல்லை” என்பது முதல் வாதம். பழக்கப்பட்ட பல்லவி! செசூ ஹயகாவா என்னும் ஜப்பானியர் 1915இல் ‘தி சீட்’ என்ற படத்தால் ஹாலிவுட்டின் பெரும்புள்ளி ஆனார். 1918இல் சொந்தமாகவே படநிறுவனம் கண்டார். பேசாப்படக் காலத்திலேயே தகுதி இருந்தது. பின்னால் வந்தது தகுதிக் குறைவன்று, கதவடைப்பு. நீந்தவே விடாமல் கரையில் கட்டிவைத்துவிட்டு, இவனுக்கு நீச்சல் தெரியாது என்று தீர்ப்பு எழுதுவது யாருடைய நீதி?

“பெயர்பெற்ற முகமில்லாவிட்டால் பணம் வராது” என்பது இரண்டாவது வாதம். பெயர் எங்கிருந்து வரும்? வேடம் கொடுத்தால் வரும். வேடம் எப்போது வரும்? பெயர் இருந்தால் வரும்! செக்குமாடு சுற்றுகிற வட்டம் இது. கெவின் குவான் எழுதிய ‘கிரேசி ரிச் ஏசியன்ஸ்’ நாவலைப் படமாக்க வந்த ஒருவர், கதாநாயகியை வெள்ளைப் பெண்ணாக மாற்றிவிடலாம் என்றாராம். ஆசிரியரே இதை வெளியிட்டார். மாற்ற ஒப்பாது, 2018இல் ஆசிய நடிகர்களையே கொண்டு படம் எடுத்தனர். சுமார் 3 கோடி டாலர் செலவு. உலகெங்கும் 23 கோடி டாலருக்கு மேல் வசூல். பணப்பெட்டியே வந்து சாட்சி சொல்லிவிட்டது.

“நடிப்பில் யாரும் யாராகவும் மாறலாம்” என்பது மூன்றாவது. இதற்கு விடை ஒரு நங்கையின் வாழ்க்கையே. மெர்ல் ஓபரான் பம்பாயில் பிறந்தவர். தாய்வழியில் இலங்கை இரத்தமும் கலந்தவர். ‘தி டார்க் ஏஞ்சல்’ படத்துக்காக 1936இல் சிறந்த நடிகை விருதுக்குப் பெயர் முன்மொழியப்பட்டவர். வெள்ளைச் சீமாட்டியாகப் படங்களில் நடித்தார். பார்த்தீர்களா, மறுபுறமும் கதவு திறந்ததே என்பீர்களா? திறந்த விதத்தைக் கேளுங்கள். தாம் பிறந்தது டாஸ்மேனியா என்று உலகுக்குச் சொன்னார். பிறந்த ஊரை மறைத்தார், பெற்றவளின் இனத்தை மறைத்தார். 1979இல் அவர் மறைந்த பின்னரே உண்மை ஊரறிந்தது. வெள்ளையர் மஞ்சள் மையை மாலையில் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனார், விருதும் பெற்றார். மாநிறத்தவரோ வெள்ளைப் பூச்சை வீட்டிலும் கலைக்கவில்லை. கலைத்திருந்தால் வாழ்வே கலைந்திருக்கும். அவர்களுக்கு வேடம் மூன்று மணி நேரம். இவருக்கு வேடம் வாழ்நாள் முழுவதும். யாரும் யாராகவும் மாறலாம் என்ற தத்துவத்தின் விலை இருவருக்கும் ஒன்றா?

நான்காவது வாதம்தான் நம்மவரைச் சற்றே தயங்க வைப்பது. “பிறப்பைப் பார்த்துத் தொழில் என்றான் மனு; அதை எதிர்த்த நீங்களா, பிறப்பைப் பார்த்து வேடம் கொடு என்கிறீர்கள்?” என்று மடக்குகின்றனர். பகுத்தறிவாளர் எவரும் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது, நேர்நின்று விடையளிக்கவேண்டும். மனு பிறப்பைப் பார்த்தது கதவை மூட. நாம் பிறப்பைச் சுட்டுவது, பிறப்பைப் பார்த்து மூடப்பட்ட கதவைத் திறக்க. பூட்டியவன் எந்தச் சாவியால் பூட்டினானோ, அந்தச் சாவியைப் பாராமல் திறப்பது எப்படி? நோயின் பெயரை உச்சரிப்பவன் நோயைப் பரப்புபவன் ஆகமாட்டான்.

இரத்தத்தைச் சோதித்து வேடம் கொடு என்று நாம் கேட்கவில்லை. 2023இல் வெளிவந்த ‘கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்’ படத்தில் ஓசேஜ் பழங்குடிப் பெண்ணாக நடித்த லிலி கிளாட்ஸ்டன், வேறு பழங்குடியைச் சேர்ந்தவர். அதைக் குற்றமென்று எவரும் கூறவில்லை, நாமும் கூறமாட்டோம். ஐரா ஆல்ட்ரிஜ் என்னும் கறுப்பு நடிகர் 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய மேடைகளில் ஒத்தெல்லோவாக மட்டுமல்லாமல் லியர் மன்னராகவும் நடித்தார். வாழ்க அந்தத் துணிவு! நம் நாட்டிலும், பெண்களுக்கு மேடை மறுத்து ஆண்களே பெண்வேடம் கட்டிய காலம் இருந்தது. அதையும் கலை என்றுதான் போற்றினர். பெண்கள் மேடையேறிய பின்னர், 1935இல் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் நந்தனாராகவே திரையில் தோன்றினார். கதவு திறந்தபின் யாரும் யாராகவும் நடிக்கட்டும், அது கலை. கதவு மூடியிருக்கும்போது அதே சொல்லைச் சொல்வது களவு. நாம் புதுச்சுவர் எழுப்பச் சொல்லவில்லை. பழைய சுவரை இடிக்கச் சொல்கிறோம்.

அமெரிக்கக் கதைதானே, நமக்கென்ன என்று சாய்ந்து உட்கார வேண்டாம். இந்தியாவிலும் ஹாலிவுட்டின் தம்பி இருக்கிறான். 1968இல் வந்த ‘படோசன்’ என்னும் இந்திப் படத்தில், மெஹ்மூத் என்னும் நடிகர் தென்னாட்டு இசையாசிரியராக வேடமிட்டு வந்தார். நம் பேச்சும் நம் உடையும் நகைப்புப் பொருளாயின. 2014இல் ‘மேரி கோம்’ வந்தது. மணிப்பூரில் பிறந்து, அதற்குள் ஐந்து முறை உலக வாகையும், 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும் வென்ற வீராங்கனையின் வரலாறு. நாயகியாக நடித்தவர் பிரியங்கா சோப்ரா. மணிப்பூரைச் சேர்ந்த நடிகை லின் லைஷ்ராம் அதே படத்தில் துணைப்பாத்திரம்! வடகிழக்கு மக்களை, சொந்த நாட்டின் நகரங்களிலேயே, நீ எந்த நாட்டான் என்று கேட்கும் அவலம் நிலவும் நாட்டில், அவர்களுடைய பெருவெற்றிக் கதையிலும் அவர்கள் முகத்துக்கு நாயகியிடம் இல்லை. 2022இல் பிரியங்கா சோப்ராவே, அந்த வேடம் வடகிழக்கைச் சேர்ந்த ஒருவருக்குப் போயிருக்கலாம் என்று கூறினார். சொல்லியதைப் பாராட்டுவோம். வேடம் போய்விட்டதே!

இன்னும் அருகே வருவோம், தோழர்களே. நம் கூரையின் ஓட்டையையும் பார்ப்போம். தமிழ்த் திரையில் கறுத்த மேனி உழவன் மகள் ஒருத்தி வேண்டும். ஊரெல்லாம் கறுத்த மேனிப் பெண்கள்; திறமையுள்ளோர் ஆயிரம் பேர். என்ன செய்கின்றனர்? சிவந்த மேனியாளைத் தேடிப் பிடித்து, அவள்மேல் கரியைப் பூசுகின்றனர்! தமிழ் அறியாத நாயகிக்குத் திரைமறைவில் இருந்து தமிழ்ப்பெண் குரல் கொடுக்கிறாள். குரலுக்குத் தகுதியுண்டு, முகத்துக்கு இல்லையா? வேற்றூரிலிருந்து வரும் நடிகையர்மேல் நமக்குப் பகையில்லை. அவர்களும் பிழைப்புக்கு வருவோரே. வந்தவரை விரட்டு என்பது நம் வாதமன்று. இருப்பவளை ஏன் மறைத்தாய் என்பதே நம் வழக்கு. கறுப்பு அழகன்று என்று நம் பிள்ளைகளுக்கு நாள்தோறும் பாடம் நடத்தும் பள்ளிக்கூடமாகத் திரை இருக்குமானால், மேடையில் நின்று சமத்துவம் பேசி என்ன பயன்?

மாறாது என்று மனம் சோர வேண்டியதில்லை. மாறியிருக்கிறது, கேட்டதால் மாறியிருக்கிறது. 2017இல் எட் ஸ்க்ரீன் என்னும் ஆங்கில நடிகர், ‘ஹெல்பாய்’ படத்தில் தமக்குத் தரப்பட்ட பாத்திரம் மூலக்கதையில் ஜப்பானிய வழியினன் என்றறிந்து, வேடத்தைத் துறந்தார். கொரியாவில் பிறந்த டேனியல் டே கிம் அதை ஏற்றார். 2022இல் அமெரிக்க அரசு தன் 25 சென்ட் நாணயத்தில் அன்னா மே வாங்கின் முகத்தைப் பொறித்தது. திரையில் இடமில்லை என்ற முகம் காசில் ஏறிற்று! 2023இல் மலேசியாவின் ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பெற்றார். தம்மை ஆசியர் என்று வெளிப்படச் சொல்லிக்கொண்ட ஒரு பெண் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. சீனப் பெண்ணின் வேடத்துக்கு 1938இல் கிடைத்த விருது, சீன வழிவந்த ஒரு பெண்ணின் கைக்கு வந்துசேர 85 ஆண்டு ஆயிற்று. இடையே எத்தனை அன்னாக்கள் கிழவியாகி மறைந்தனரோ!

இளைஞர்களே! டிக்கட் வாங்கும் கை உங்களுடையது. கேள்வி கேட்கும் வாயும் உங்களுடையதாகட்டும். படம் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது யாருடைய கதை? இதில் யாருடைய முகம்? இந்த முகத்துக்கு உரியவர் எங்கே நிற்கிறார்? மூன்றாவது கேள்விக்கு விடை “வாயிலுக்கு வெளியே” என்றால், அந்தப் படத்தில் எத்தனை கலை இருந்தாலும் அதில் நீதியில்லை என்று எழுதுங்கள், பேசுங்கள், படமெடுப்போர் செவியில் விழுமாறு கூறுங்கள். நாளை உங்களில் ஒருவரே படமெடுக்கும் நாள் வரும். அன்று கறுத்த மேனி உழவன் மகள் வேடத்துக்கு ஆள் வேண்டும்போது, கரிக்கிண்ணத்தைத் தேடாதீர்கள். கதவைத் திறந்து பாருங்கள். அவள் அங்கேதான் நிற்கிறாள்.